மஞ்சள் இலைக்கு மூன்று பதில்: தோட்டக் குழுவில் கருத்து மோதும்போது

"கறிவேப்பிலை மஞ்சளாகுது. என்ன போடலாம்?" கூடவே ஒரு படம், இரவு நேரத்தில் டார்ச் அடித்து எடுத்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டுத் தோட்டக்காரர்கள் கூடும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஓயாமல் வரும் கேள்வி இது. கொஞ்ச நேரத்தில் பதில்கள் விழும். "எப்சம் சால்ட் போடுங்க." "தண்ணிய நிறுத்துங்க, வேர் அழுகியிருக்கும்." "புளிச்ச மோர் ஊத்துங்கக்கா, எங்கம்மா காலத்துலேருந்து அதான்." நாலாவதாக ஒருவர் வந்து, "இதெல்லாம் சும்மா, எதையும் கேட்காதீங்க" என்பார். அதற்குப் பிறகு செடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த மூன்று பதிலிலும் விஷயம் இருக்கிறது. அடியில் உள்ள முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம் போதவில்லை. அதற்கு எப்சம் சால்ட் (மக்னீசியம் சல்பேட்) சரியான மருந்து: 1 லிட்டர் தண்ணீருக்கு 1 டீஸ்பூன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மூன்று தடவை போதும். அதே கோலம் மேலே கொழுந்தில் தெரிந்தால் குறைவது இரும்புச் சத்து. பல நேரம் மண்ணில் இரும்பு இருக்கும். மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியாது. மோர் சொன்னவர் பக்கம் உள்ள நியாயம் இதுதான், புளிப்பு வேரைச் சுற்றிக் கொஞ்சம் உதவும், ஆனால் அது மண்ணில் நெடுநாள் நிற்காது. நரம்போடு சேர்ந்து இலை முழுக்க மஞ்சளாகி உதிர்கிறது, சட்டியைத் தூக்கினால் கனக்கிறது, அடித்துளையில் நாற்றம் வருகிறது என்றால் தண்ணீரை நிறுத்தச் சொன்னவர்தான் சரி. அந்தச் செடிக்கு எப்சம் சால்ட் கரைத்து ஊற்றினால் இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றியதுதான் மிச்சம்.

ஆக, சண்டை போட்டவர்கள் ஒரே செடியைப் பார்த்துப் பேசவில்லை. ஆளாளுக்குத் தன் வீட்டில் பிழைத்த செடியை மனத்தில் வைத்துப் பேசினார்கள். தோட்டக் குழுக்களில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

பேராக்கில் இது இன்னும் கூடுதல். ஒரே குழுவில் சுங்கை சிப்புட்காரர், கம்பார்காரர், பாகான் டத்தோகாரர், கேமரன் மலையில் சொந்தக்காரர் வீட்டுக்கு அடிக்கடி போய்வருபவர் என்று எல்லாரும் இருப்பார்கள். கம்பார், பத்து காஜா பக்கம் பழைய ஈயச் சுரங்க நிலம்: மணல், தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. அங்கே "தினமும் ரெண்டு வேளை ஊத்தணும்" என்பது அனுபவம். பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் கடலோரக் களிமண். அங்கே அதையே செய்தால் வேர் மூச்சு முட்டும். கரிமண் (பீட்) இருக்கும் இடத்தில் புளிப்பு அதிகம், பி.எச். (புளிப்பு-கார அளவு, ஏழுக்குக் கீழே புளிப்பு) 4 அளவில்கூட நிற்கும். அடுப்புச் சாம்பலும் டோலமைட் சுண்ணாம்புத் தூளும் அங்கே செடியைத் தூக்கிவிடும். புதுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசல் மண்ணில் சிமெண்டும் கல்தூளும் புதைந்து கிடக்கும், ஏற்கெனவே காரம். அங்கே ஒரு கை சாம்பல் போட்டால் கறிவேப்பிலைக் கொழுந்து வெளுத்துப்போகும். சாம்பல் நல்லதா கெட்டதா என்று கேட்டால் இரண்டு பேரும் சத்தியம் செய்யத் தயாராக இருப்பார்கள், இருவர் சொல்வதும் உண்மை.

அதனால் மறுத்து எழுதும் முன் கேட்கவேண்டியவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. எந்த ஊர். தரையா சட்டியா, சட்டி என்றால் எத்தனை அங்குலம், அடியில் துளை இருக்கிறதா. நேரடி வெயில் எத்தனை மணி நேரம், காலை வெயிலா மாலை வெயிலா. மண் கலவை என்ன. இங்கே பலரும் 3:2:1 கணக்கில் கலப்பார்கள், மேல்மண் 3, மக்கிய உரம் 2, மணல் 1. ஆனால் கடையில் வாங்கிய கருப்பு மண் பையை அப்படியே கொட்டியவர்களும் உண்டு, அது நாளாக இறுகிவிடும். கடைசியாக என்ன உரம், எப்போது, எவ்வளவு. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் கிடைப்பது கஷ்டம். "கொஞ்சமாத்தான் போட்டேன்" என்று வரும்.

படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், பாதி வாக்குவாதம் படத்தால் வருகிறது. கைப்பேசி தானாக நிறத்தைக் கூட்டும், குறைக்கும். டார்ச் வெளிச்சத்தில் பச்சை இலையும் மஞ்சளாகத் தெரியும். காலை எட்டு முதல் பத்து மணிக்குள், நேர் வெயில் படாத நிழலில், இலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நாலு படம் வேண்டும்: முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு மண்ணில் இறங்கும் இடம். அனுப்பும்போது எச்.டி. தரத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புலனம் படத்தைச் சுருக்கிவிடும், அடிப்பக்கத்துச் செதில் பூச்சி புள்ளியாகக்கூடத் தெரியாது. இந்த நாலு படம் வந்ததும் எத்தனையோ "விவாதம்" அப்படியே அடங்கிவிடும்.

ஆர்க்கிட் வளர்ப்பவர்களிடம் இதே கதை வேறு உருவில். டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையைக் கரியில் கட்டுவதா, தேங்காய் மட்டையில் கட்டுவதா? கரிக் கட்சி, மட்டைக் கட்சி என்று இரண்டே இருக்கிறது. இரண்டு வருடம் பூத்த செடியின் படத்தை ஆளுக்கொன்று கையில் வைத்திருப்பார்கள். கரி அழுகாது, தண்ணீரைப் பிடித்துவைக்காது, காற்று உள்ளே போகும். ஆனால் உரத்தின் உப்பு அதில் படியும், மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரைத் தாராளமாக ஓடவிட்டுக் கழுவவேண்டும். மட்டை ஈரத்தைப் பிடித்துவைக்கும், வேர் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வெட்டியதும் பயன்படுத்தக்கூடாது, இரண்டு மூன்று நாள் ஊறவைத்துத் தினமும் செந்நிறத் தண்ணீரைக் கொட்டவேண்டும். நாளாக மக்கிக் கூழாகிவிடும், மாற்றவேண்டும். இப்போது இருவரின் வீட்டையும் பாருங்கள். கரிக்காரர் செடியை வேலியோரம் திறந்தவெளியில் தொங்கவிட்டிருப்பார், ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடிமழை நேரே அதன் தலையில் இறங்கும். மட்டைக்காரர் கார் போர்ச்சின் கூரைக்கடியில் வைத்து, வேலைக்குப் போகும் முன் ஒரே வேளை தெளிப்பார். சட்டியை இடம் மாற்றி வைத்தால் இருவர் செடியும் சாகும். இதைப் பிடித்துவிட்டால் இரண்டு கட்சியும் இரண்டு வரிக் குறிப்பாக மாறிவிடும்.

தமிழ்நாட்டுக் காணொளிகளால் வரும் மோதல் தனி. மொட்டைமாடித் தோட்டத்தில் சித்திரை வெயிலுக்குச் சொன்ன தண்ணீர்க் கணக்கை இங்கே அப்படியே எடுத்துவந்தால் அழுகல்தான். "ஆடிப்பட்டம் தேடி விதை" அந்த மழைக்கும் அந்த மண்ணுக்கும் சொன்னது, இங்கே மழை வருடம் முழுக்க வருகிறது. அங்கே மல்லிகைக்குக் கோடை ஒரு பருவம். இங்கே கவாத்து செய்து, உரம் கொடுத்து, நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் கிடைத்தால் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் பூக்கும். இதைச் சொல்லும்போது காணொளி அனுப்பியவரைக் கிண்டல் செய்துவிடுகிறோம். அவர் மெனக்கெட்டுத் தேடி அனுப்பியிருக்கிறார். "அங்கே சரிதான் தம்பி, நம்ம ஊர்ல தண்ணிய மட்டும் பாதியாக்கிட்டு மத்தத செஞ்சு பாருங்க" என்று எழுதினால் அவர் அடுத்த காணொளியையும் அனுப்புவார், அதில் உருப்படியாக ஒன்று இருக்கும். பஞ்சகவ்யம் அப்படி வந்ததுதான். 1 லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவைத் தாண்டாதவரை அதில் வம்பில்லை.

மூத்தவர்கள் சொல்லும் அளவுகளில் நிதானம் தேவை. எஸ்டேட் தோட்டத்தில் முப்பது நாற்பது வருடம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) உரம் போட்ட கைகள் அவை. அவர்களுக்கு "ஒரு கைப்பிடி" என்றால் ஒன்றுமே இல்லை, வளர்ந்த செம்பனை ஒன்றுக்கு வருடத்துக்குப் பல கிலோ போகும். அதே கைப்பிடி பச்சை நிற என்.பி.கே. உரம் (தழை, மணி, சாம்பல் சத்து 15:15:15) 12 அங்குலச் சட்டியில் விழுந்தால் இலை நுனி கருகி, ஒரு வாரத்தில் செடி சுருண்டுவிடும். சட்டிக்கு ஒரு டீஸ்பூன், தண்டிலிருந்து தள்ளி ஓரமாக, மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். அங்கிள் சொன்னது தப்பு என்று ஒரு பையன் எழுதினால் அவர் அன்றோடு வாயை மூடிக்கொள்வார். அதோடு போவது அந்த உர அளவு மட்டுமல்ல, இலையைப் பார்த்தே பொட்டாசியம் குறைவைச் சொல்லும் கண்ணும் போய்விடும். "அங்கிள், தரையில வச்ச மரத்துக்கா சொல்றீங்க, சட்டிக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். தொண்ணூறு வீதம் அவரே, "சட்டியா? சட்டின்னா வேணாம்பா, கரண்டியில போடு" என்பார்.

அவர்களில் பலர் தட்டச்சு செய்யமாட்டார்கள், குரல் பதிவுதான். நாலு நிமிடக் குரல் பதிவை யாரும் முழுதாகக் கேட்பதில்லை. முதல் அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டுப் பதில் எழுதுவார்கள், அவர் மூன்றாவது நிமிடத்தில் அதற்கே பதில் சொல்லியிருப்பார். குழுவில் ஒருவர் அதைக் கேட்டு மூன்று வரியில் எழுதிப்போடும் வேலையை ஏற்றுக்கொண்டால் பாதிச் சச்சரவு வராது. அது பெரிய உபகாரம், வெளியே தெரியாத வேலையும்கூட.

இனி, மறுப்பதை எப்படி எழுதுவது. "அது தப்பு" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் அதற்குமேல் படிக்கமாட்டார். தன் வீட்டு நிலவரத்தை முதலில் வைத்துவிட்டு முடிவைப் பிறகு சொன்னால் அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது கிடைக்கும். இப்படி:

"அக்கா, எங்க வீட்டுல வேற மாதிரி ஆச்சு. 10 அங்குலச் சட்டி, காலை வெயில் மட்டும். அரிசி கழுவின தண்ணிய மறுநாள் வச்சு ஊத்தினப்போ எறும்பும் சின்னக் கொசு மாதிரி ஈயும் வந்துச்சு. அன்னைக்கே ஊத்துறப்ப வரல. நீங்க எப்ப ஊத்துறீங்க?"

இதில் மறுப்பு இருக்கிறது, ஆனால் கடைசி வரி கேள்வி. பதில் சொல்லும் உரிமை அக்காவிடமே இருக்கிறது. அவர் பேரைக் குறிப்பிட்டு, அவர் செய்தியை மேற்கோளாகப் பிடித்து எழுதுங்கள். யாரையும் சொல்லாமல் "சிலர் இங்கே தெரியாமல் பேசுகிறார்கள்" என்று பொதுவாக எறிந்தால் நாலு பேர் தன்னைத்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். சிரிப்பு முகப் பொம்மையைத் தனியாகப் பதிலாகப் போடுவதும் அந்த ரகம்தான், திட்டுவதைவிட அதிகம் வலிக்கும். கோபத்தில் அனுப்பிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்த வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். அளவைத் திருத்தினால் மட்டும் "அளவு மாத்தியிருக்கேன்" என்று ஒரு வரி சேர்க்கவேண்டும், பழையதைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே கலக்கப் போனவர் இருப்பார்.

ஓட்டெடுப்பு வசதி இருக்கிறதே என்று அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். சட்டியில் என்ன நடக்கிறது என்பது 43 பேர் கை தூக்கியதால் மாறாது. செடி பரிமாற்றம் எந்தச் சனிக்கிழமை, எந்தக் கோயில் மண்டபத்தில் என்பதற்கு ஓட்டு சரி.

நிரூபணம் தேவையில்லாத விஷயங்களும் இருக்கின்றன. சாமிக்கு வைக்கும் செம்பருத்தி, துளசி, மல்லிகைக்கு எலும்புத் தூளோ மீன் கரைசலோ போடமாட்டோம் என்பவர்கள் உண்டு. அமாவாசையில் விதை ஊன்றாதவர்கள் உண்டு. துளசியில் பூச்சிமருந்தே படக்கூடாது என்பவர்களும் உண்டு. இதில் பி.எச். அளவு பேசுவது வீண். "மீன் கரைசல் இல்லாம தழைச்சத்துக்கு என்ன போடலாம்?" என்று அவர் கேட்டால் மக்கிய மாட்டுச் சாணம், புண்ணாக்குத் தண்ணீர் என்று அதற்குள்ளேயே பதில் சொல்லவேண்டும். கோழி எருவில் சத்து அதிகம் என்று பாடம் எடுப்பது அவர் கேட்காத பதில். இயற்கை உரமா ரசாயன உரமா என்ற பழைய சண்டையிலும் பாதி இப்படித்தான், அது விருப்பம். மீதிப் பாதிக்கு அளவும் மண்ணும் பதில் சொல்லும்.

ஆனால் எல்லாக் கருத்துக்கும் ஒரே மரியாதை கிடையாது, இதில் தயக்கம் வேண்டாம். பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை. பழைய கொட்டகையில் கிடந்த மிச்சத்தை "ஒரு மூடி போதும்" என்று ஒருவர் எழுதினால் அதற்கு இரண்டு பக்கம் கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகும், மாற்று மருந்து இல்லை. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தால் இன்னும் கொடுமை. நிர்வாகி உடனே அந்தச் செய்தியை நீக்கிவிட்டு, ஏன் நீக்கினார் என்று இரண்டு வரி எழுதவேண்டும். சொல்லாமல் நீக்கினால் அதுவே புதுச் சண்டை. எழுதியவரிடம் தனியாகவும் பேசவேண்டும், பெரும்பாலும் அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார், அந்தக் காலத்துப் பழக்கம்.

சட்டித் தட்டில் தண்ணீர் தேங்கட்டும், செடிக்கு நல்லது என்பதும் அப்படித்தான். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் வரும். தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவவேண்டும். தாமரைத் தொட்டி வைத்திருப்பவர்கள் கப்பி மீன் விடுங்கள். பூனை மண்ணைக் கிளறுகிறது என்று கேட்பவருக்கு அந்துருண்டை போடச் சொல்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அது நச்சு, பூனைக்கும் குழந்தைக்கும். சாத்தே (இறைச்சி சுடும் மூங்கில்) குச்சிகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி நெருக்கமாகக் குத்திவைத்தால் பூனைக்கு உட்கார இடமிருக்காது, வேறு வாசலுக்குப் போய்விடும். (அங்கே ஒரு புதுக் கேள்வி பிறக்கும், அது வேறு.)

ஆபத்தில்லாத, ஆனால் முடியாத வாக்குவாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அரிசி கழுவிய தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையில் சோதிக்கவேண்டாம், அது மெதுவாக வளரும், முடிவு தெரிவதற்குள் கேட்டவரே மறந்துவிடுவார். தண்டுக்கீரை 25 முதல் 30 நாளில் சொல்லிவிடும். ஒரே அளவுப் பாலிபேக் ஆறு, ஒரே நாளில் கலந்த 3:2:1 மண், ஒரே பாக்கெட் விதை. முளைத்ததும் பைக்கு ஐந்து நாற்று மட்டும் விட்டு மீதியைப் பிடுங்கிவிடுங்கள். மூன்றுக்கு அன்றைய அரிசித் தண்ணீர் 250 மில்லி, மூன்றுக்கு வெறும் தண்ணீர் 250 மில்லி, ஒரே நேரத்தில். மழை நேரே விழாத கூரை ஓரத்தில் வைத்து, வாரம் ஒரு முறை பைகளை இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஓரத்துப் பை கூடுதல் வெயில் வாங்கிவிடும். எது எது என்று பையின் அடியில் எழுதி, கடைசி நாளில் அது தெரியாத ஒருவரைக் கொண்டு வேரை வெட்டிவிட்டுச் சமையல் தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு பை மட்டும் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை, நத்தை ஒரு இரவு வந்துபோனால் அதுவே முடிவாகிவிடும். ஒரே வகை மூன்று பைகளுக்குள் இருக்கும் வித்தியாசமே, இரண்டு வகைக்கும் இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் எதுவும் தெரியவில்லை என்றுதான் எழுதவேண்டும். சோதனையை இரண்டு தரப்பும் சேர்ந்து செய்வது நல்லது, ஒருவர் மட்டும் செய்தால் மற்றவர் பையைக் குறை சொல்வார். முடிவு வந்த அன்று பழைய செய்தியைத் தோண்டியெடுத்து "அப்பவே சொன்னேனே" என்று போடுபவரை நிர்வாகி தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடவேண்டும்.

கிடைத்த முடிவுகளைக் குழுவின் விவரப் பகுதியில் எழுதிவையுங்கள். மேலே குத்திவைக்கும் செய்தி அதிகபட்சம் 30 நாளில் மறைந்துவிடும். ஆள் பெயர் வேண்டாம், நிலவரம் போதும்: "டென்ட்ரோபியம், திறந்தவெளி, பிற்பகல் மழை: கரி. கூரைக்கடியில், ஒரு வேளைத் தண்ணீர்: ஊறவைத்த மட்டை." "சாம்பல்: கரிமண்ணுக்கு ஆம், தாமான் வாசல் மண்ணுக்கு வேண்டாம்." இரண்டு பதில் இருந்தால் இரண்டையும் போடுங்கள். விவரப் பகுதியில் இடம் குறைவு, நிரம்பிவிட்டால் ஒரு கோப்பாக்கி, புதிதாகச் சேர்பவருக்கு நிர்வாகி முதல் நாளே அனுப்பிவிடலாம்.